இரண்டடியார் போட்ட கணக்கு

உட்கார்ந்த மனிதனுக்கு இரண்டடி, படுத்தவனுக்கு ஆறடி. உடற்பயிற்சிக் கூடங்களுக்கு சவுனா என்னும் மரச் சூட்டறையைத் திட்டமிட்டுத் தருகிற நம் நாயகர், இந்த இரண்டு எண்களை வைத்தே இருபத்திரண்டு ஆண்டுகள் குடும்பம் நடத்தினார். உறுப்பினர்கள் எத்தனை, மாலை நெரிசலில் வருபவர்கள் எத்தனை, அவர்களில் வியர்க்க ஆசைப்படுபவர்கள் எத்தனை, ஒருவர் எத்தனை நிமிடம் தாக்குப்பிடிப்பார் என்று கூட்டிக் கழித்து, பலகை எத்தனை அடி என்று சொல்லிவிடுவார். தொழில் வட்டாரத்தில் 'இரண்டடியார்' என்றார்கள். கேலிதான், அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

எட்டுப் பேருக்கான அறையில் ஐந்து பேர் காலை அகட்டி உட்கார்ந்து தம் கணக்கைக் கெடுப்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஆகவே கடைசியாகச் செய்த எட்டுப் பேர் அறையில், காய்ச்சிய கம்பியால் பலகை நெடுக இரண்டடிக்கு ஒரு கோடு இழுத்துவிட்டார்.

திறப்பு நாளுக்கு அண்ணனை அழைத்தார். அப்பா போன பிறகு இவரைப் படிக்க வைத்தவர். அஞ்சலகத்தில் பார்சல் எடை போட்டபடி உட்கார்ந்தே தாராளமாகப் பருத்தவர். சட்டையைக் கழற்ற வேண்டும் என்றதும் தயங்கினார்.

"நான் வெளியில நின்னே பாத்துக்கறேன்டா."

"அட வாண்ணா. உன்னை யாரு பாக்கப் போறா?"

அண்ணன் தொந்தியைத் துண்டால் மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். பாதி ஆள் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவரையும் சேர்த்து ஏழு பேர். எட்டாமவர் கதவைத் திறந்து, "எங்கங்க உட்கார்றது?" என்றார்.

வாசலில் குறிப்பேட்டோடு நின்ற இரண்டடியார் நிபுணராகவே பதில் சொன்னார்: "நிறைஞ்சிடுச்சு சார். எங்கண்ணனை ரெண்டு பேரா போட்டுக்கணும்."

அதில் கேலி துளியும் இல்லை என்று இன்றும் சத்தியம் செய்வார். அறையே சிரித்தது. "அப்ப இவங்க அண்ணி வீட்ல நின்னுக்கிட்டேதான் தூங்கணும்!" என்றார் மேல்பலகையில் உட்கார்ந்திருந்த ஒருவர். தம் கணக்குக்குக் கிடைத்த பாராட்டென்று நினைத்து இவரும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

அண்ணன் எழுந்தார். "சூடு ஒத்துக்கலடா" என்று மட்டும் சொன்னார்.

நான்கு மாதம் பேச்சில்லை. போன் செய்தால் அண்ணிதான் எடுத்தார். ஒரு ஞாயிறு காலை இரண்டடியார் நேரிலேயே போனார். வழியெல்லாம் மன்னிப்பை மனப்பாடம் செய்தவர் வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்: "அண்ணா, அந்த ரெண்டடி வெறும் சராசரி. அடுத்த அறையில ரெண்டரையா வெச்சு..."

"டேய்," என்றார் அண்ணன். குரலில் கோபமே இல்லை. "முன்னெல்லாம் எங்க போனாலும் சட்டுனு உட்கார்ந்துடுவேன். இப்ப பஸ்ல இடமிருந்தாலும் நின்னுக்கிட்டே வர்றேன். பக்கத்துல இருக்கறவன் என்னை எத்தனை ஆளுன்னு எண்ணுறானோன்னு இருக்கு."

அண்ணன் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"சரி, உட்காரு."

சோபாவில் அண்ணனுக்குப் பக்கத்தில் இடமிருந்தது. ஒட்டி உட்கார்ந்தால் என்ன நினைப்பார், தள்ளி உட்கார்ந்தால் என்ன நினைப்பார் என்ற யோசனையிலேயே அவர் நின்றுகொண்டிருந்தார்.