ரீவிக்குள் ஓடிய கோச்சி

எங்கள் வேலணையில் தண்டவாளமே இல்லை. ரயிலை நாங்கள் கோச்சி என்போம். அதைப் பார்க்க வேண்டுமென்றால் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போக வேண்டும். அப்படியிருக்க, நான் கைப்பிடித்த மனிதருக்குக் கோச்சி ஓட்டுகிற பைத்தியம். புகையிலைப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறப் போனால் வரம்பில் நின்று சிக்னலைப் பற்றிக் கதைப்பார். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

இவருடைய தமையன் லண்டனிலிருந்து வந்தபோது ஒரு சின்னக் கொம்பியூட்டர் கொண்டுவந்தார். ரீவியில் கொழுவிக் கசற்றைப் போட்டால் இஞ்சின் ஓட்டுகிற விளையாட்டு வரும். கோச்சிச் சாரதி வேலைக்கு இவர் விண்ணப்பித்திருந்த நேரம் அது. "இதிலை பழகினா அங்கை பயப்பிடத் தேவையில்லை" என்றார். கசற் கீச்சிடுகிற சத்தத்துக்குக் கோழிகள் அடுப்படிக்குள் ஓடும்.

புது வாகனத்தைச் சும்மா எடுக்கக் கூடாது என்று மாமி ஒற்றைக் காலில் நின்றார். ரீவிக்கு முன்னால் தேசிக்காய் வைத்து, கற்பூரம் கொளுத்தி, மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அது நேரே கொம்பியூட்டரின் பொத்தான்களில் விழுந்தது. அன்றோடு கோச்சி கூவுகிற பொத்தான் செத்துப்போனது. கூவாமல் ஸ்ரேசனுக்குள் போக இவருக்கு மனம் வராது.

"இஞ்சரும், கூவும்!" என்று என்னைக் கூப்பிடுவார். நான் அகப்பையும் கையுமாக வந்து "கூ..." என்பேன். வெட்கம்கெட்ட வேலைதான். ஆனாலும் சிரித்துச் சிரித்துக் கூவினேன்.

முதலில் எல்லா ஸ்ரேசனையும் தாண்டித்தான் நிற்பார். "சனம் பின்னாலை ஓடிவந்து ஏறட்டும், என்ன?" என்று நக்கலடிப்பேன். பிறகு முன்கூட்டியே பிரேக் பிடிக்கப் பழகினார். அந்தப் பழக்கம் சைக்கிளுக்கும் தொற்றிவிட்டது. சந்தை கண்ணில் பட்டதுமே பிரேக் பிடித்துவிடுவார். மிச்சத் தூரம் இறங்கி நடப்போம்.

நேர்முகத் தேர்வில் எடுபட்டார். கொழும்புக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். புதுக் காற்சட்டை தைக்கக் கொடுத்திருந்தோம். அதற்குள் சண்டை தொடங்கி, கோச்சி நின்றது.

"ஒரு மாசத்திலை ஓடும், பாரும்" என்றார். ஓடவில்லை. எங்கள் தீவுக்குள் ஆமி வந்தபோது உடுத்த உடுப்போடு ஓடி, யாழ்ப்பாணத்தில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒதுங்கினோம். ரீவியும் கொம்பியூட்டரும் வீட்டோடு போயின. மகள் அங்கேதான் பிறந்தாள். இவர் காலையில் எழும்பினதும் போய்த் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு வருவார். "துரு ஏறுது" என்பார். அடுப்புக்கு விறகில்லாத நேரத்தில் துருவைப் பற்றி என்ன கதை என்று நான் எரிந்து விழுவேன்.

பொம்மர் வந்து குண்டு போடத் தொடங்கியதும் அயலெல்லாம் தண்டவாளத்துக்குக் கீழே கிடந்த சிலிப்பர் கட்டைகளைக் கிளப்பி, ஒளிக்க வெட்டின பங்கர் குழிகளுக்கு மேல் அடுக்கியது. இவர் மட்டும் போகவில்லை. "நாளைக்குக் கோச்சி விட்டா எதிலை ஓடுறது?" என்று கேட்டார். பனங்குற்றி போடலாம் என்றார். பனங்குற்றிக்கு எங்கே போவது? பக்கத்து ஒழுங்கையில் குண்டு விழுந்த அன்று மகள் வீரிட்டு அழுதாள். இவர் அலவாங்குக் கம்பியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்துக்குப் போனார். கட்டை கட்டையாகத் தோளில் சுமந்து வந்து பங்கரை மூடினார். அந்த முகத்தைப் பார்க்க என்னால் ஏலவில்லை.

மகள் நன்றாகக் கதைக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள், பங்கருக்குள் இருந்தபோது தலைக்கு மேலே விரலை நீட்டினாள்.

"அப்பா, ஏன் இந்தக் கட்டையிலை ஓட்டை?"

"அது கோச்சி ஓடின கட்டை, பிள்ளை."

"கோச்சி எண்டா என்ன?"

கேட்காமலே நாள் முழுக்கச் சொன்ன மனிதர். இப்போதாவது சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பாவுக்குத் தெரியாது" என்றார்.

எல்லாம் தெரியும், சொல்லுங்கோ என்று சண்டைபிடிக்க வாயெடுத்தேன். மேலே பொம்மர் இரைந்தது. அவர் மகளை மடியில் இழுத்து, அவள் காதுகளைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.