மோட்டார் ரூமுக்குள் என் வண்டி

மகளிர் குழு வழியாக எனக்கு மின்சார ஸ்கூட்டர் ஒதுக்கினார்கள். மானியம் போக மீதிக்குத் தவணை. நாமக்கல்லில் விடுதியோடு இருக்கும் ஒரு பள்ளியின் சமையலறையில் அப்போதுதான் எனக்கு வேலை கிடைத்திருந்தது. விடிவதற்குள் இட்லி ஊற்றியாக வேண்டும். எங்கள் காலனிக்கு முதல் பஸ் வரும்போது அங்கே பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார்கள். வண்டி இருந்தால்தான் அந்த வேலை. அந்த வேலை இருந்தால்தான் களை வெட்டப் போகாமல் இருக்கலாம். அம்மா காலமெல்லாம் வெட்டினாள், கல்யாணத்துக்குப் பின் நானும் வெட்டினேன். போதும் என்றாகிவிட்டது.

போனுக்குப் போடுவது மாதிரி வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்றார் ஷோரூம்காரர். அவர் வீட்டில் போடலாம். எங்கள் காலனி வீட்டில் பொழுது சாய்ந்தால் டியூப்லைட்டே எரியலாமா வேண்டாமா என்று யோசிக்கும். சார்ஜரைச் சொருகிய முதல் நாளே பிளக் கருகி வீடு இருண்டது. லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, காலனிக்கு வரும் கம்பியே பத்தாது, மாற்றச் சொல்லி எழுதிப் போட்டிருக்கிறோம் என்றார். எழுதிப் போட்டது போட்டபடி கிடக்கிறது. பேட்டரியை மட்டும் கழற்றி எங்காவது கொண்டுபோகலாம் என்றால், எனக்குக் கொடுத்தது கழற்ற முடியாத வண்டி.

நான் முன்பு களை வெட்டிய தோட்டத்துக்காரர் கேள்விப்பட்டு ஆள் அனுப்பினார். "நம்ம மோட்டார் ரூம்ல போட்டுக்க சாமி. தோட்டத்துக் கரண்டுக்கு நானென்ன காசா கட்டறேன்?" என்றார். நன்றியோடுதான் தலையாட்டினேன், பொய் சொல்வானேன். சாயங்காலம் வண்டியை உள்ளே விட்டால் அவரே பூட்டிக்கொள்வார். விடியுமுன் பால் கறக்க எழும் அவர் மனைவி திறந்துவிடுவார்.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலைக்காய் பறிக்கக் கூப்பிட்டார். போனேன். கூலியும் கொடுத்தார், குறை சொல்ல முடியாது. பிறகு வேலை நாளிலும் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போகணும் என்றேன். அன்று சாயங்காலம் சாவியைக் காணவில்லை. இன்னொரு முறை மறுத்தபோது ஃபியூஸ் போய்விட்டது. ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை மனுஷர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அரைகுறை சார்ஜில் கிளம்பி, பாதி வழியில் நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். இன்னொரு முறை தாமதமானால் வரவே வேண்டாம் என்றார் சமையலறை மேற்பார்வையாளர்.

மஞ்சள் வெட்டு தொடங்கிய அன்று காலை மோட்டார் ரூம் பூட்டியிருந்தது. வாசலில் தோட்டத்துக்காரரே நின்றார்.

"ஏனுங்க, சாவி குடுங்க. இன்னிக்கு நேரமானா வேலையே போயிருமுங்க."

"வெட்ட ஒரு ஆளுகூட வரலையே சாமி. இன்னிக்கு ஒரு நாளைக்கு இரு. வண்டி எங்க போயிரப் போவுது?"

ஆத்திரத்தில் கதவை எட்டி உதைத்திருப்பேன். உதைத்துவிட்டால் நாளைக்கு எங்கே சார்ஜ் போடுவது என்ற நினைப்பு வந்தது, நின்றுவிட்டேன். அந்த ஆளை விட, அப்படி நின்ற என் மீதுதான் எனக்கு இன்றும் எரிச்சல். அன்று பொழுது போகும்வரை அவருக்கு மஞ்சள் வெட்டினேன். மறுநாள் போனபோது பள்ளிச் சமையலறையில் என் இடத்தில் வேறொருத்தி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

மானியத்தில் வாங்கியதை இப்போதைக்கு விற்கவும் கூடாதாம். தவணை மட்டும் தவறாமல் வருகிறது. அதைக் கட்ட அதே தோட்டத்தில் மறுபடி களை வெட்டுகிறேன். போன மாதம் அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். தோட்டத்துக்காரர்தான் முன்னால் நின்று, வண்டி நிற்கும் இடத்தைக் காட்டினார். என்னை வண்டியில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள்.

"தினமும் ஓட்டறியாம்மா?" என்று கேட்டார் ஓர் அதிகாரி.

"ஓட்டறேனுங்க. வேலைக்குப் போறதே இதுலதானுங்க."

ரொம்ப சந்தோஷம் என்று எழுதிக்கொண்டார். எந்த வேலைக்கு என்று அவர் கேட்கவில்லை. தோட்டத்துக்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். நானும் சொல்லவில்லை.