அஞ்சு விரல் மடிப்பு

டெய்லர் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கீழே பார்த்தார். கத்தரிக்கோல் பள்ளிக்கூடச் சட்டை ஒன்றின் கழுத்து வளைவைத் தாண்டிப் பாதி முதுகு வரை போயிருந்தது. ஒரு சாண் துணியைக்கூட வீணாக்காதவர் என்று அந்தத் தெருவில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் காற்றில் பறந்துகொண்டிருக்க, மனிதர் கிழிசலைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர் தேய்த்தபடியே எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ளே, துணியைக் கெடுத்தா ஊர்ல அழுவாங்க. நீ பல்லைக் காட்டுற?"

"அதிகாரி மேடம் பேசினாங்க. நம்ம பிள்ளை பொத்தானுக்குச் சொந்தம்னு யாரும் இல்லையாம், தேடிப் பாத்து முடிச்சுட்டாங்களாம். நாங்க தத்து எடுத்துக்கலாமாம். நாளன்னைக்கு குழந்தைகள் நலக் கமிட்டிக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"அடப்பாவி, இதை ஏதோ பட்டன் பிஞ்சுபோன மாதிரி சொல்றியே!" இஸ்திரிக்காரர் ஒரே தாவாகத் தாவி வந்து அவரைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்ட கை விலகுவதற்குள் கருகல் வாடை வந்தது. பெட்டியை யாரோ ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டை மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஆக, அந்த மதியம் சந்தோஷத்துக்குப் பலியானவை இரண்டு சட்டைகள்.

டெய்லரின் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். விஷயத்தைக் கேட்டதும் ஹாரனில் கையை வைத்தவள் எடுக்கவே இல்லை. வேனுக்குள் இருந்த வாண்டுகள் காதைப் பொத்திக்கொண்டு கூத்தாடின. எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ திட்டினார்கள். "திட்டுங்க சார், இன்னைக்கு எவ்வளவு வேணா திட்டுங்க" என்று கழுத்தை வெளியே நீட்டிச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள்.

பொத்தான் வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஓடிவிட்டது. வந்தபோது ஐந்து வயது. அதற்குமுன் ஓர் இல்லத்திலும் இரண்டு வீடுகளிலும் இருந்துவிட்டு, ஒரு நீலப் பையோடு வந்தாள். முதல் வாரம் முழுக்க வாயே திறக்கவில்லை. வெட்டும் மேசைக்கு அடியில் உட்கார்ந்து, டப்பாவில் கலந்து கிடந்த பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரித்து வைத்தாள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். டெய்லர் அவளுக்கு மாமா, வேன்காரி அத்தை. "இப்போதைக்கு வளர்க்கிறதுக்குத்தான் குடுக்கிறோம். சொந்தக்காரங்க யாராவது வந்துட்டா திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். மனசை அதுக்கேத்த மாதிரி வெச்சுக்கங்க" என்று அதிகாரி முதல் நாளே சொல்லியிருந்தாள். அதைக் கேட்டு மனைவி சரி என்று தலையாட்டிவிட்டு அன்றைக்கே மறந்துபோனாள். டெய்லர் மறக்கவில்லை. மறக்காததன் விளைவு எங்கே போய் ஒளிந்திருந்தது என்பதுதான் பின்னால் வந்த வினை.

பள்ளிக்கூடம் விட்டதும் பொத்தான் நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். மேசைக்கு அடியில் அவளுக்கென்று ஒரு முனைமழுங்கிய கத்தரி உண்டு. தைத்து முடித்த உடுப்புகளை உட்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் நறுக்குவது அவளுடைய விளையாட்டு. ஊரார் வெளிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். உட்பக்கத்தைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அன்று மாலை கடையை மூடிவிட்டு மூவரும் வீட்டுக்குப் போனார்கள். கேக் வாங்கிய கையோடு உள்ளே நுழைந்த அத்தை, குழந்தையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். "பொத்தான், நாளன்னைக்கு நம்ம மூணு பேரும் ஒரு பெரிய ஆபீஸுக்குப் போறோம். உங்கிட்ட பேசணுமாம்."

"மாமாவும் வருவாங்களா?"

"மாமா இல்லாமலா? புது கவுனே தைக்கப் போறாரு பாரு."

டெய்லர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு முட்டி போட்டார். அவசரத்தில் டேப் இரண்டு முறை நழுவியது. குழந்தை கையை விரித்துச் சிலைபோல நின்றாள். அளவெடுத்து முடித்ததும் சத்தமில்லாமல் அறைக்குள் போனாள்.

கேக் வெட்டக் கூப்பிட்டபோதும் வரவில்லை. அத்தை போய்ப் பார்த்தாள். கட்டில் மேல் அந்த நீலப் பை திறந்து கிடந்தது. நான்கு கவுன்களும் மடித்து உள்ளே வைக்கப்பட்டிருந்தன. பொம்மை இல்லை, வண்ணப் பென்சில் இல்லை. மாமா தைத்துக் கொடுத்தது மட்டும்.

அத்தை பையோரம் உட்கார்ந்தாள். "எங்கடி கிளம்பிட்ட?"

"பெரிய ஆபீஸுக்கு."

"அது நாளன்னைக்குடி. போயிட்டு வந்துடுவோம். பை எதுக்கு?"

"போன தடவையும் பெரிய ஆபீஸுக்குன்னுதான் கூட்டிட்டுப் போனாங்க. அப்புறம் வேற வீடு."

"இது வேற வீட்டுக்குப் போறதுக்கு இல்ல, கண்ணு. இங்கேயே இருக்கிறதுக்கு. உன்னை நாங்க எங்கேயும் அனுப்ப மாட்டோம்."

பொத்தான் தலையாட்டினாள். பெரியவர்கள் எதைச் சொன்னாலும் அப்படித்தான் ஆட்டுவாள். பையின் ஜிப்பை மட்டும் இழுத்து மூடினாள்.

"நம்பலையாடி?"

"எல்லாப் பாப்பாவுக்கும் மாமா உள்ள துணி விடுறாங்க. எனக்கு விடல." ஒரு கவுனை உருவி, அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "வளர்ற பிள்ளை, உள்ள துணி விட்டுத் தைங்கன்னு அவங்க அம்மாவெல்லாம் சொல்வாங்க. மாமா மூணு விரல் மடிச்சு விடுவாங்க. நான் வளர்றப்ப இங்க இருக்க மாட்டேன். அதான் எனக்கு மடிக்கல."

அத்தை கவுனை வாங்கிப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். நான்கையும் பார்த்துவிட்டாள். ஒன்றிலும் பிரித்துவிடுவதற்கு ஒரு நூல் அளவு துணிகூட இல்லை. ஓரம் அடித்ததோடு சரி. கொஞ்சம் வளர்ந்து கவுன் ஏறிப்போனால் உடனே புதிதாக ஒன்று தைத்துவிடுவார் மனிதர். அதை இத்தனை நாளும் செல்லம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"இங்க வாய்யா" என்றாள். குரலில் ஹாரன் இருந்தது.

கையில் கேக் கத்தியோடு வந்து நின்றார் டெய்லர்.

"ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் மடிச்சு விடுற. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு ஏன் விடல?"

டெய்லர் கவுனைப் பார்த்தார், பையைப் பார்த்தார். புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"திருப்பிக் கேட்டுட்டாங்கன்னா?" என்றார். "நான் மடிச்சு வெச்சதை வேற எங்கேயோ யாரோ பிரிப்பாங்க. இல்ல, பிரிக்கவே மாட்டாங்க. ஒவ்வொரு தடவை மடிக்கப் போறப்பவும் அந்த நினைப்புதான் வந்துச்சு. கை வரல."

"உன் பயத்தை நீ உன் மனசுக்குள்ள வெச்சுத் தைக்க வேண்டியதுதானே! துணியில ஏன்யா தைச்ச?"

டெய்லர் கேக் கத்தியைத் தரையில் வைத்தார். வாய் பேசுகிற சாமர்த்தியம் அவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை. அதிகாரி கைபேசியில் சொன்னது இப்போதுதான் முழுக்க உறைத்தது. கமிட்டியில் குழந்தையைத் தனியாக வைத்துக் கேட்பார்கள். இருக்கிறேன் என்று அவள் சொன்னால்தான் மேற்கொண்டு நடக்கும். அவள் என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் டெய்லர் செய்த முதல் வேலை, மேசையில் கிடந்த அத்தனை பேர் துணியையும் சுருட்டி மூலையில் போட்டதுதான். அலமாரியிலிருந்து மாம்பழ மஞ்சளில் ஒரு துணியை இறக்கினார். பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு. பொத்தானை அடியிலிருந்து எடுத்து மேசை மேலேயே உட்கார வைத்தார்.

"அம்மா, இன்னைக்கு நீங்கதான் கஸ்டமர். எப்படித் தைக்கணும், சொல்லுங்க."

பொத்தான் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கடைக்கு வரும் பெண்களைப் போலவே இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள். "உள்ள துணி விட்டுத் தைங்க. வளர்ற பிள்ளை."

"எவ்வளவும்மா விடட்டும்? மூணு விரல்?"

"அது எல்லாருக்கும் விடுறது."

"சரி, நாலு."

"அஞ்சு."

இஸ்திரிக்காரர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அஞ்சு விரல் மடிச்சா கவுனா இருக்காது பொத்தான், குடையா இருக்கும். மழை வந்தா நானும் உள்ள வந்துடுவேன்."

"அங்கிள் வரக் கூடாது. எனக்கு மட்டும்தான்."

"கேட்டியா மாப்ளே? வக்கீல் சட்டைக்கு நான் தெண்டம் கட்டினது இவளுக்காக. என்னையே வெளிய நிக்க வெக்கிறா."

டெய்லர் அவளுடைய கையை வாங்கித் துணி மேல் வைத்தார். அந்தப் பிஞ்சு விரல்களால் அஞ்சு அளந்தார். பிறகு, அது போதாது என்று தன் விரல்களால் அஞ்சு அளந்தார். மடித்தார். மிஷின் அந்தத் தடிமனில் முக்கி முனகி நின்றது. ஊசி ஒன்று ஒடிந்தது. வேறு ஊசியைப் போட்டு மிதித்தார். தோளிலும் மடிப்பு, கைகளிலும் மடிப்பு, இடுப்பின் இரண்டு பக்கமும் பிரித்துவிட இடம். தைத்து முடித்து, உட்பக்கத்தைத் திருப்பி அவளிடம் நீட்டினார். பொத்தான் கத்தரியை எடுத்தாள். ஒரு நூல் விடாமல் நறுக்கினாள். மடிப்பைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். 

அடுத்த நாள், கமிட்டி அறைக்கு வெளியே ஒரு நீண்ட பெஞ்சு இருந்தது. அத்தையால் அதில் உட்கார முடியவில்லை. போவதும் வருவதுமாக இருந்தாள். மஞ்சள் கவுன் மணிபோல விரிந்து நிற்க, பொத்தான் அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

"என்னய்யா சொல்லுவா?" என்றாள் அத்தை.

"தெரியல."

"நீலப் பையை வேன்ல எடுத்து வெச்சிருக்கா, பாத்தியா?"

"பாத்தேன்."

 கதவு திறந்தது. உள்ளே வரச் சொன்னார்கள்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "இவங்க வீட்லயே இருக்கிறியான்னு கேட்டோம். 'அஞ்சு விரல் இருக்கு'ங்கிறா. எத்தனை தடவை கேட்டாலும் கவுனைத் திருப்பிக் காட்டி அதையேதான் சொல்றா. எங்களுக்கு ஒண்ணும் விளங்கல. இது என்ன?"

டெய்லர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அத்தைதான் சொன்னாள். சிரிப்பும் அழுகையுமாக, முன்னது பின்னது மாறிப்போய், நான்கு கவுனிலிருந்து வக்கீல் சட்டை வரை எல்லாவற்றையும் கொட்டினாள்.

அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழந்தை பக்கம் குனிந்தார். "அப்போ நீ இங்கேயே வளரணும்னு சொல்றியாம்மா?"

"ஆமா. மாமாதான் பிரிச்சு விடணும். வேற யாருக்கும் தெரியாது. உள்ள நிறைய இருக்கு."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மனுவை அனுப்பி வைக்கிறோம், மத்த வேலையெல்லாம் வரிசையா நடக்கும். பிள்ளை உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் அந்த அம்மாள்.

வெளியே வந்ததும் அத்தை வேனை எடுத்தாள். ஆபீஸ் வாசல் என்றும் பார்க்காமல் ஒரு நீண்ட ஹாரன். காவலாளி ஓடி வந்தார். அவரிடமும் "திட்டுங்க சார்" என்றாள்.

பொத்தான் முன்சீட்டில் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். நீலப் பை காலடியில் உருண்டு கிடந்தது. அவள் டெய்லரின் சட்டை நுனியைப் பிடித்துத் திருப்பினாள். உட்பக்கத்தைப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"உங்க சட்டையில மடிப்பே இல்ல மாமா."

"நான் வளர்ந்து முடிச்சாச்சு, கண்ணு."

"பரவால்ல. நீங்களும் விட்டுத் தைங்க. ரெண்டு விரலாவது."

"அவருக்குத் தொப்பை பக்கம் விட்டா போதும்டி" என்றாள் அத்தை, கியரை மாற்றிக்கொண்டே. "அது மட்டும்தான் இன்னும் வளருது."