நாற்பது நொடி மட்டும் கேட்ட வாய்ஸ்

எங்கள் மென்பொருளின் புதிய ரிலீஸ் வந்த எட்டாம் நாள் மத்தியானம், எங்கள் தன்னார்வலர் குழுவில் கிளீட்டஸ் ஒரு வரி போட்டிருந்தார்: "டீச்சரே, நெட்டு போச்சி. அண்ணனுக்கு ஒண்ணும் காண முடியல்ல."

நான் கொஞ்சமும் யோசிக்காமல் பதில் போட்டேன்: "பக் என்றால் டிராக்கரில் ஃபார்ம் நிரப்புங்கள். இங்கே எழுதினால் எடுத்துக்கொள்ள மாட்டோம்."

அப்போது அவர் தன் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைச் சாக்காகச் சொல்லவும் எனக்கு வாயில்லை, ஏன் என்று கீழே படித்தால் புரியும்.

1. கண்டிப்பான டீச்சர்

தக்கலைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் இருபத்தாறு வருடம் நெட்வொர்க் லேபைப் பார்த்துக்கொண்டேன். ஓய்வு பெற்றதும் இரணியல் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், ரவுட்டர்களில் ஏற்றுகிற ஒரு கட்டற்ற மென்பொருளுக்கு ரிலீஸ் ஒருங்கிணைப்பாளர் ஆனேன். கூரைக்குக் கூரை ஒரு ரவுட்டர் பெட்டியை வைத்தால், பெட்டிகள் ஒன்றோடொன்று பேசி ஊர் முழுக்க நெட்டைக் கடத்தும். அதை மெஷ் என்போம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். மென்பொருளின் பெயரைச் சொன்னால் இன்னும் சிலர் என்னைத் திட்டுவார்கள், விட்டுவிடுகிறேன்.

நிரல் எழுதுபவர்கள் நாலைந்து பேர். அவர்களில் முக்கியமானவர் பெங்களூரில் இருந்த அருண். வெளியிடும் முன் ஏற்றிச் சோதித்துச் சொல்பவர்கள் பல ஊர்களில் இருந்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. யார் எதைச் செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டார்கள், முடித்தார்களா என்று துரத்துவதும், எல்லாரும் ஓகே சொன்னபின் ரிலீஸ் தேதியை அறிவிப்பதும் என் வேலை. லேபில் பிள்ளைகளை மேய்த்த அதே குரலில் இவர்களையும் மேய்த்தேன். பக், அதாவது மென்பொருள் பிழை, பற்றிய ரிப்போர்ட் என்றால் அவற்றைப் பதிகிற டிராக்கர் தளத்தில், ஆங்கிலத்தில், ஃபார்மின் எல்லாக் கட்டங்களையும் நிரப்பி வர வேண்டும் என்று சட்டம் போட்டதும் நான்தான். அதில் எனக்குப் பெருமை வேறு.

சோதிப்பவர்களில் ஒருவரான கிளீட்டஸ் கடற்கரைக்காரர். கடலுக்குப் போய், பிறகு கல்ஃபில் எலக்ட்ரீசியனாக இருந்து திரும்பியவர். அவர் ஊரில் பாறை மறைப்பதால் செல்போன் சிக்னல் ஒரு கோடு தெரிந்தாலே அதிகம். முப்பத்துநாலு வீட்டுக் கூரைகளில் ஏறி அவரே மெஷ் போட்டிருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தே எந்தப் பாகம் போயிற்று என்று சொல்லக்கூடிய ஆள். ஆங்கிலத்தில் டைப் செய்ய மட்டும் வராது, பேசிப் பதிந்து வாய்ஸ் அனுப்புவார்.

2. சிரித்தது

ரிலீஸுக்கு ஐந்து நாள் முன்பு குழுவில் அவர் வாய்ஸ் ஒன்று வந்தது. நாலு நிமிடம். காற்றுச் சத்தம், தோத்திரம், சுகமா என்ற விசாரிப்பு, பிறகு பெட்டியில் வைஃபை சேனல் மாறவில்லை என்று ஒரு புகார். அந்தப் புகாரை நாங்கள் முந்தின வாரமே சரி செய்திருந்தோம். நாற்பதாவது நொடியில் நிறுத்திவிட்டேன்.

அதற்குள் அருண் எழுதினார்: "டீச்சர், ரெண்டு மடங்கு ஸ்பீடுல ஓட விட்டேன். இது பக் ரிப்போர்ட்டா, பாட்டா?"

குழுவே சிரித்தது. நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டேன்.

அருணுக்கு அந்தப் பேச்சு புரியவில்லை, சரி. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரியும். அவர் ஊருக்கும் என் வீட்டுக்கும் அரை மணி நேர பஸ் தூரம். பெங்களூர்க்காரர்களுக்கு என் பேச்சும் பாட்டாகத்தான் கேட்டது. முதல் மீட்டிங்கில் என்னையும் மலையாளியா என்று கேட்டவர்கள்தான். கிளீட்டஸைப் பார்த்துச் சிரித்தால் நான் அவர்கள் பக்கம் சேர்ந்துவிடலாம் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்திருக்கிறது. வெட்கங்கெட்ட ஆசை.

"அது சரி செய்தாயிற்று கிளீட்டஸ். தைரியமாக ஏற்றுங்கள்" என்று போட்டேன். அவர் கட்டைவிரல் பொம்மை ஒன்று அனுப்பினார். நான் செக்லிஸ்ட்டில் அவர் ஊருக்கு நேரே ஓகே என்று குறித்தேன். சொன்ன தேதியில் ரிலீஸ் வந்தது. டீச்சரை நம்பி அவரும் முப்பத்துநாலு பெட்டியிலும் ஏற்றினார்.

3. கேட்டது

ஃபார்ம் நிரப்பச் சொன்ன என் பதிலுக்குக் கீழே, அவர் ஊர்ச் சோதனைக்காரர் இன்னொருவர் எழுதினார்: "டீச்சர், இன்னைக்கு அவருக்க அம்மைக்கு அடக்கம்."

பழைய வாய்ஸைத் தேடி எடுத்து, முதல்முறையாக முழுதும் கேட்டேன். மூன்றாவது நிமிடத்தில் இருந்தது:

"இன்னொண்ணு டீச்சரே. கரண்டு போயிட்டு வந்து, பெட்டி முழிக்கதுக்கு முன்ன மறுபடியும் போச்சின்னா, பெட்டிக்கு மறதி வந்துருது. செட்டிங் எல்லாம் காலி. நான் மூணு வாட்டி செய்து பாத்தேன். இஞ்ச கரண்டு எப்பளும் அப்பிடித்தான வரும். எனக்க அம்மைக்கு சொகமில்ல, அண்ணன் பஹ்ரைன்ல இருந்து தெனமும் அம்மைய பாக்கது இது வழியாக்கும். அதான் இப்பிடி தொந்தரவு பண்ணுகேன். டீச்சரு பொறுமையாட்டு கேப்பிய, தெரியும்."

என் வீட்டில் சோதிக்கிற பெட்டிகள் எல்லாம் கரண்ட் போனாலும் நிற்காத யுபிஎஸ்ஸில் ஓடின. அருணுக்கும் அப்படியே. இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் கண்டுபிடித்து, காரணத்தோடு சொல்லியும் இருந்தார். சேனல் புகாரை நினைத்து நான் "சரி செய்தாயிற்று" என்றதை அவர் இதற்கும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறார். உட்கார்ந்து அழுதேன். ஆனால் அழுதால் பெட்டிக்கு செட்டிங் திரும்பி வந்துவிடுமா? அன்றே ரிலீஸைத் திரும்பப் பெற்றேன். புதிய அறிவிப்பில், "இந்தப் பிழையை கிளீட்டஸ் ரிலீஸுக்கு முன்பே சொன்னார். ஒருங்கிணைப்பாளர் கேட்கவில்லை" என்று எழுதினேன்.

அருண் போன் செய்தார். "அத எடுத்துடுங்க டீச்சர். ப்ராஜெக்டுக்கே கெட்ட பேரு."

"எனக்க பேருல்லா கெடுது. கெடட்டும்" என்றேன்.

4. போன்

மறுநாள் காலை பஸ் ஏறி கிளீட்டஸ் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. அவர் ஏணியில் நின்று கூரைப் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இறங்கி வந்து நாற்காலி எடுத்துப் போட்டார். அது எனக்கு இன்னும் வலித்தது.

"எனக்க தப்பு கிளீட்டஸ். நான் முழுசா கேக்கல்ல. சிரிக்கவும் செய்தேன்."

"கண்டேன்" என்றார். "எனக்கிட்ட மன்னிப்பு கேக்காண்டாம் டீச்சரே. அண்ணனுக்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும். எங்களுக்குள்ள வீட்டு விசயத்துல ஒரு பெணக்கு உண்டும். அடக்கத்த வீடியோவுல அவன் காணக்கூடாதுன்னு நான் வேணும்னே பெட்டிய ஆஃப் பண்ணிட்டேன்னு நெனச்சிட்டு இருக்கான். நான் சவப்பெட்டிய தூக்கிட்டு நிக்கேன், எப்பிடி கூரையில ஏற முடியும்? சொன்னா நம்ப மாட்டான்."

சிக்னல் கிடைக்கிற பாறைமேட்டுக்கு இருவரும் நடந்தோம். அவர் எண்ணை அழுத்தி போனை என்னிடம் தந்தார். ரிலீஸ், பக் என்றெல்லாம் சொல்லாமல், தம்பி முன்கூட்டியே எச்சரித்ததையும், டீச்சரான நான் அதைக் கேட்காமல் ஏற்றச் சொன்னதையும், கரண்ட் போய்ப் போய் வந்ததில் பெட்டி தானாகவே நின்றுபோனதையும் சொன்னேன். அண்ணன் கேட்டது ஒன்றுதான்:

"அம்மைக்க மொகத்த மூடுன பொறவா டீச்சரே நெட்டு போச்சி, அதுக்கு முன்னயா?"

எனக்குத் தெரியாது. கிளீட்டஸிடம் அதையே திருப்பிக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "முன்ன" என்றார். நான் அதைப் போனில் சொன்னேன்.

"தம்பிக்கிட்ட குடுங்க" என்றார் அண்ணன்.

கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. கிளீட்டஸ் ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு, "இல்லண்ணே, இல்லண்ணே" என்பது மட்டும் காதில் விழுந்தது.

இளையவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். உங்களுக்காகச் சம்பளமில்லாமல் ஒருவர் வெயிலில் கூரை ஏறுகிறார் என்றால், அவர் எந்த மொழியில், எப்படிச் சொன்னாலும் அது ரிப்போர்ட்தான். கடைசிவரை கேளுங்கள். எங்கள் செக்லிஸ்ட்டில் இப்போது முதல் வரி, "எல்லா வாய்ஸும் சாதாரண வேகத்தில் முழுதும் கேட்கப்பட்டது." அதற்கு நேரே ஒவ்வொரு ரிலீஸிலும் என் பெயரைத்தான் போடுகிறேன். கிளீட்டஸ் இன்னும் அனுப்புகிறார். இப்போதெல்லாம் சுகமா என்று விசாரிப்பதில்லை, நேராக விஷயத்துக்கு வந்து ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்.