மிஸ்பானின் குரல் இல்லாத படம்

எங்கள் மிஸ்பான் தொண்டையைத் திறந்தால் ஷத்துல் அரப் ஆறு நின்று, திரும்பி, வந்த வழியே ஓடும். நானே கரையில் நின்று பார்த்திருக்கிறேன். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். கடல் ஏறும்போதெல்லாம் அந்த ஆறு திரும்பத்தான் செய்யும். பஸ்ராவில் காலமெல்லாம் பூகோளம் கற்பித்தவளுக்கு இது தெரியாதா? ஆனால் அது திரும்புகிற நேரம் பார்த்துக் கரைக்குப் போய் மிஸ்பான் குரல் கொடுப்பார் என்பது நிஜம். தன் குரலுக்கு ஆறு கட்டுப்பட்டது என்று பிள்ளைகளிடம் அளந்துவிட்டு, அவர்கள் கையிலிருக்கும் பேரீச்சம்பழத்தில் பங்கு கேட்பார்.

பிழைப்புக்கு நல்ல தண்ணீர் லாரி ஓட்டினார். எங்கள் ஊர்க் குழாயில் வருவது உப்பு. அதில் தேநீர் போட்டால் தேநீருக்கே தாகம் எடுக்கும். அவருடைய ஹாரன் சத்தம் கேட்டால் தெருவே கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும்.

"மிஸ்பான் அண்ணே, இது தண்ணியா, உன் வேர்வையா? கரிக்குதே!"

"என் வேர்வைக்கு இந்த விலை கட்டாது தங்கச்சி. இது வெறும் தண்ணிதான்."

லாரி அவருக்குச் சோறு போட்டது. பெயர் வாங்கிக் கொடுத்தது ஹோசை. கல்யாணமோ சாவோ, ஆண்கள் கூடி நிற்பார்கள். ஒருவர் நடுவில் நின்று அந்த நேரத்துக்குத் தோன்றிய அடி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் காலால் தரையை உதைத்துக்கொண்டு அதைத் திருப்பிச் சொல்வார்கள். மிஸ்பான் எடுத்துக் கொடுத்தால் கிழவர்களும் உதைப்பார்கள். இனிய குரல் என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் கியரில் மேடேறுகிற லாரியின் குரல். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு பெயர் வந்தால், அந்தப் பெயருக்குரியவன் எந்தச் சவப்பெட்டிக்குள் கிடந்தாலும் எழுந்து "என்ன மாமா?" என்று கேட்பான் போலிருக்கும்.

இரண்டாயிரத்து மூன்றில் அந்நியப் படை ஊருக்குள் வந்தது. பழைய அரசாங்கம் ஓடிப்போன மறுநாளே ஊர் சூறையாடப்பட்டது. பள்ளிக்கூட நாற்காலி, நூலக அலமாரி, எதுவும் மிஞ்சவில்லை. என்னுடைய பூகோள உருண்டையை ஒருவன் தலையில் வைத்துக்கொண்டு போனான். "எங்கேடா கொண்டு போறே?" என்றேன். "தர்பூசணின்னு நினைச்சேன் டீச்சர்" என்றான். எண்ணெய்க் கம்பெனி அலுவலகத்தின் வாசலில் மட்டும் ஒரு துடைப்பம்கூடக் களவு போகவில்லை. அங்கே முள்வேலி போட்டு, கவச வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்.

அதற்கு எதிரே, ரோட்டின் மறுபக்கம் ஆஸ்பத்திரி. மிஸ்பானின் தங்கை நூரிய்யாவின் ஒரே மகன் முஹன்னத் அங்கே வார்டு வேலை பார்த்தான். அவனுக்குப் பெண் பார்த்து, நிச்சயம் பேசிக்கொண்டிருந்த நேரம். கட்டில்களையும் மருந்தையும் கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்து ரோட்டைக் கடந்து ஓடினான். "நாலு பேரை அனுப்புங்க, போதும்" என்று சிப்பாய்களிடம் நாலு விரலைக் காட்டிக் கேட்டிருக்கிறான். இந்த வாசலை விட்டு நகர உத்தரவில்லை என்றார்கள். திரும்பிப் போய் மருந்து அறை வாசலில் தானே நின்றான். கொள்ளையடிக்க வந்தவர்களில் எவனோ சுட்டான்.

கல்யாணமாகாத பிள்ளை செத்தால் எங்கள் பக்கத்தில் அது பாதிக் கல்யாணம். தட்டில் மருதாணியும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு போவோம். மாப்பிள்ளைக்கு இறைக்க வேண்டிய மிட்டாயைப் பெட்டியின்மேல் இறைப்போம். குலவையிடுவோம். குலவை பாதியில் உடைந்து அழுகையாகிவிடும். விழுங்கிக்கொண்டு மறுபடி இடுவோம்.

பெட்டியை அடக்கம் செய்ய நஜஃபுக்குக் கொண்டுபோகும் கார், சாக்கடை நிரம்பிய எங்கள் சந்துக்குள் வர முடியவில்லை. அதனால் மிஸ்பான்தான் ஊர்வலத்தைப் பெரிய ரோட்டுக்குத் திருப்பினார். காரின் கூரையில் பெட்டியைக் கட்டும்போது அவரை இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டார்கள். தலைத்துணியைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு அடி எடுத்துக் கொடுத்தார்:

"மாப்பிள்ளை வர்றான், வழிய விடு! பொண்ணு வீடு, மண்ணு வீடு!"

நாங்கள் மிட்டாயை இறைக்கவும் அந்த ரோட்டில் படை வண்டிகள் வரவும் சரியாக இருந்தது. மிட்டாய் வண்டிகள்மேலும் விழுந்தது. சிப்பாய்ப் பையன் ஒருவன் ஒன்றைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு சிரித்தான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். மடியில் விழுந்த மிட்டாயை யார்தான் தின்ன மாட்டார்கள்? அவனுக்குப் பின்னால், கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான்.

துக்கம் விசாரிக்கிற மூன்று நாள் முடிவதற்குள் அந்தப் படம் வந்துவிட்டது. டிஷ் வைத்திருந்த உறவுக்காரர் வீட்டில் பார்த்தோம். மிட்டாய் பறக்கிறது. பெண்கள் குலவையிடுகிறார்கள். ஆண்கள் குதிக்கிறார்கள். நடுவில் மிஸ்பான் வாயை அகலத் திறந்துகொண்டு துணியைச் சுழற்றுகிறார். சிப்பாய் சிரிக்கிறான். பெட்டி இல்லை, அதற்கு ஒரு முழம் இந்தப் பக்கம் படத்தை வெட்டியிருந்தார்கள். மிஸ்பானின் குரலும் இல்லை. மேலே இசை போட்டிருந்தார்கள். கீழே ஓடிய எழுத்து, பஸ்ரா விடுதலையைக் கொண்டாடுகிறது என்றது.

நூரிய்யா எழுந்து வீட்டுக்குப் போனாள். பின்னாலேயே ஓடிய மிஸ்பானை வாசலில் நிறுத்தினாள்.

"பெரிய ரோட்டுக்கு ஏன் திருப்புன?"

"சந்துல சாக்கடை நின்னுச்சேம்மா. கார் வராதுன்னு நீயும் பார்த்தியே."

"பார்த்தேன். படத்துலயும் பார்த்தேன். என் புள்ளை எங்க அதுல? நீ இருக்க. உன் வாய் இருக்கு."

"நான் என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியாதா நூரிய்யா?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன பண்ண? அவன் பொண்ணு பார்த்த வீட்டுக்காரங்க கேட்கிறாங்க, எங்க மாப்பிள்ளை சாவுல டான்ஸ் ஆடுனீங்களாமேன்னு. போ. இந்தப் படியை மிதிக்காத."

அன்றிலிருந்து மிஸ்பான் தண்ணீர் கேனை அவள் படியில் வைத்துவிட்டுப் போவார். அவள் எடுக்க மாட்டாள். கோடை முழுவதும் உப்புத் தண்ணீரிலேயே சமைத்தாள். கேன்களைத் தெருப் பூனைகள் தட்டிவிட்டன. அண்ணன் தங்கை இரண்டு பேரும் ஒருவரையொருவர் சன்னலில் பார்த்துக்கொண்டார்கள், இரண்டு நாட்டு எல்லைக் காவலர்கள் மாதிரி.

இதற்கிடையே டாக்டர் சுஹைர் வந்து இறங்கினார். எங்கள் ஊரில் பிறந்தவர்தான்; வெளிநாட்டிலிருந்து படைகளோடு திரும்பினார். எங்களை ஆளத் தயாராக வந்திருந்தார். வெளிநாட்டில் ஓர் எண்ணெய்க் கம்பெனிக்கு ஆலோசகராக இருந்தவர். மனைவியின் அண்ணனுக்கு எண்ணெய்க் கப்பல்கள். டாக்டர் என்ற பேச்சை நம்பி எங்கள் தெரு உம்மு கமர் தன் மூட்டு வலியைக் காட்டப் போனாள். அவர் எண்ணெய் விலைக்குப் படித்த டாக்டர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "எண்ணெய் டாக்டர்னதும் தேய்ச்சு விடுவார்னு பார்த்தேன்" என்றாள் உம்மு கமர்.

அவருடைய ஆட்கள் அந்தப் படத்தைப் பெரிய பலகையாக அடித்து, எண்ணெய் ஏற்றுமதி நிலையத்துக்குப் போகும் ரோட்டில் நிறுத்தினார்கள். பக்கத்தில் டாக்டரின் முகம். மிஸ்பான் தண்ணீர் நிரப்பும் இடம் அதே ரோட்டில். தன்னுடைய திறந்த வாய்க்குக் கீழே தினமும் லாரியை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ஊர் சும்மா இருக்குமா? லாரிக்குப் புது டயர் போட்டால், "சிப்பாய்ங்க கொடுத்ததா?" என்று கேட்டது. சாவுக்கு ஹோசை சொல்ல யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது, ஜலதோஷம் பிடித்த ஆட்டுக்குட்டி மாதிரி குரலுள்ள ஒருவனைக் கூட்டி வந்தார்கள். மிஸ்பான் கடைசி வரிசையில் நின்று, மெதுவாகத் தரையை உதைத்துவிட்டுப் போனார்.

ஆடு வெந்துபோகிற வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு டாக்டரின் ஆள் ஸர்மத் அவரைத் தேடி வந்தான். ஐஸ் கடையில் நாங்கள் எலுமிச்சைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

"ஹாஜி, கப்பலுக்கு மறுபடி எண்ணெய் ஏத்தப் போறோம். டாக்டர் கையால திறப்பு விழா. உள்ளூர் டிவி நேரலை, வெளிநாட்டு டிவியும் வருது. அன்னைக்கு மாதிரியே ஒரு ஹோசை போடணும் நீங்க."

"எந்த அன்னைக்கு?"

"அதான் ஹாஜி, பலகையில இருக்கே. அந்தச் சந்தோஷம் வேணும்."

ஐஸ் வெட்டுகிறவன் வெட்டுவதை நிறுத்தினான். மிஸ்பான் தேநீர்க் கிளாஸைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"பாட்டு போட்டு மூடுவீங்களா?"

"நேரலையில எப்படி ஹாஜி மூட முடியும்? நீங்க கத்துறது அப்படியே போகும்."

"அப்ப வர்றேன்."

அவன் போனதும் நான் விடவில்லை. "ஏன்யா, மூளையையும் அந்த லாரியில ஊத்தி வித்துட்டியா? போனா உன் தங்கச்சி உன் சாவுக்குக்கூட வரமாட்டா."

"இப்ப மட்டும் வர்றாளா டீச்சர்?" என்றார்.

செய்தி தெரு முழுக்கப் போனது. விழா அன்று காலையில் அவர் லாரியை எடுத்தபோது உம்மு கமர் தன் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள். எங்கள் ஊரில் அதைவிட மோசமான வசவு இல்லை.

நான் ஐஸ் கடையில் இருந்தேன். ஜெனரேட்டர் உள்ள இடம் அதுதான். டிவியில் பந்தல், கம்பளம், அழுக்குப்படாத தலைக்கவசம் போட்ட எண்ணெய்க்காரர்கள், ஒரு வெளிநாட்டுத் தளபதி, நடுவில் டாக்டர் சுஹைர். கூட்டம் காட்டுவதற்குத் தினக்கூலி ஆட்களைப் பஸ்ஸில் அள்ளிப் போயிருந்தார்கள். ஆட்கள் எங்கள் தெருக்களிலிருந்து போனவர்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. மக்கள் சொத்தான எண்ணெயைக் கண்ணை இமை காப்பது போலக் காத்த வீரர்களுக்கு நன்றி என்றார் டாக்டர். கை தட்டினார்கள். மிஸ்பானைத் தோளில் தூக்கினார்கள். அவர் தலைத்துணியைக் கழற்றினார்.

"எண்ணெய்க்குக் காவல் நூறு பேரு! முஹன்னத்துக்கு யாரு? யாரு?"

பந்தலின் பலகைத் தரை அதிர்ந்தது. "யாரு! யாரு!" என்று உதைத்தார்கள். அவர் ஆஸ்பத்திரியைச் சொன்னார். மருந்து அறை வாசலைச் சொன்னார். நாலு பேரைக் கேட்டுக் கையேந்திய கதையைச் சொன்னார். ஒவ்வோர் அடியின் முடிவிலும் முஹன்னத், முஹன்னத் என்று அந்தப் பெயரை மேலே தூக்கிப் பிடித்தார். எங்கள் ஊர்ப் பிள்ளையான டாக்டருக்கு முதல் அடியிலேயே எல்லாம் விளங்கியிருக்கும். ஆனால் அதற்குள் தாளத்துக்குக் கை தட்ட ஆரம்பித்திருந்தார், கேமராவும் முகத்துக்கு நேராக இருந்தது. நிறுத்தினால் ஏன் நிறுத்தினார் என்று கேட்பார்கள். கை தட்டிக்கொண்டே இருந்தது; கண் மட்டும் வெளியே போக வழி தேடியது. தளபதி அவர் காதில் ஏதோ கேட்டார். டாக்டர் ஏதோ சொன்னார். தளபதியும் சிரித்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தார்.

ஐஸ் கடையில் யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் வெளிநாட்டு டிவியில் அதே காட்சி, மேலே இசையோடு வந்தது. எண்ணெய் ஓடுவதைக் கண்டு பஸ்ரா மக்கள் ஆனந்தத்தில் குதிக்கிறார்களாம். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு நாங்கள் இரண்டு தடவை கொண்டாடியாயிற்று. அதை இனி யார் போய் மாற்றுவது? நான் பிள்ளைகளுக்கு வரைபடம் கற்பிக்கும்போது ஓரத்தை முதலில் பார் என்பேன், படம் எங்கே முடிகிறது என்று பார் என்பேன். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மிஸ்பானை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. பிடித்தால் ஏன் என்று சொல்ல வேண்டுமே. ஆனால் அந்த ரோட்டில் தண்ணீர் நிரப்ப அவருடைய லாரிக்கு இருந்த அனுமதி போயிற்று. வெகுதூரம் போய் நிரப்பி, தாமதமாக வந்தார். தெரு காத்திருந்தது, உம்மு கமரின் கேன் முதலில் நின்றது.

விழா அன்று என்ன நடந்ததென்றால், நூரிய்யா தன் வீட்டில் டிவி முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அண்ணனின் வாயிலிருந்து மகனின் பெயர் கணீரென்று வந்தது. ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். கண்ணீர் மடியை நனைத்தது. எழுந்து போய்க் கதவை அகலத் திறந்து வைத்து, படியில் இருந்த கேனை உள்ளே எடுத்து, நல்ல தண்ணீரில் தேநீர் போட்டு அண்ணனுக்காகக் காத்திருந்தாள்.

இதுவரை எழுதியதைப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்த நூரிய்யாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"எங்க வீட்டுல அன்னைக்குக் கரண்டே இல்லடி. டிவியில நான் என்னத்தைக் கேட்டேன்? நீதான் செருப்புகூடப் போடாம ஓடிவந்து சொன்ன. தளபதி மயங்கி விழுந்தாரு, டாக்டர் மேடைக்கு அடியில ஒளிஞ்சாருன்னு என்னென்னமோ சொன்ன. அதுல ஒண்ணையும் நான் நம்பல. எங்க அண்ணன் என் புள்ளை பேரைச் சொன்னான்னு சொன்ன பாரு, அதை மட்டும் நம்பிக் கதவைத் திறந்தேன்."