மரைக்கார் வைத்த கையெழுத்து

விமானக் கம்பனி மனேஜர் மஜீட் ஒரு வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து நிந்தவூருக்கு வந்து, ஜும்ஆவுக்கு முன் வரிசையில் நின்று தொழுதுவிட்டுத்தான் அந்த அநியாயத்தைச் செய்தார். தொழுததைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் தலையில் போட்ட தொப்பியைக் கழற்றாமலே அடுத்தவன் கழுத்தை அறுக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அறுபட்டவன் காலிதீன். எழுபத்தொன்பதாம் ஆண்டில் எங்கள் கிழக்குக் கரை ஆட்களில் விமானம் ஓட்டிய ஒரே ஆள். வாப்பா மாவடிப்பள்ளி வயலை விற்றுப் படிப்பித்தார். லீவில் வந்து சந்தைக்குப் போனால், "என்ன கெப்டன், உன்ட பிளேனுக்குக் கொண்டக்டர் இல்லையா?" என்று மீன்காரன்கூடச் சீண்டுவான். அவனும் சிரித்துக்கொண்டே பாரைக்குட்டி வாங்கிப் போவான். அலட்டல் இல்லாத மனிதன். கோபம் மட்டும் சட்டென்று வரும்.

அந்த வருடம் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவன் வேலை செய்த கம்பனி, இருந்த பதினான்கு உள்ளூர் விமானிகளின் நிரந்தர வேலையைப் பறித்து, வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தமாக்கப் பார்த்தது. மாதம் எண்பது மணித்தியாலத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்ற வரம்பு இனி இல்லை. ஒரு கிழமை, ஏழே நாள் அறிவித்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். அதே ஆசனத்தில் உட்காரும் வெளிநாட்டானுக்கோ மூன்று மடங்குச் சம்பளம். அரைத் தூக்கத்தில் விமானத்தை இறக்கிய அனுபவம் காலிதீனுக்கே இருந்தது. பின்னால் நாற்பது பேர் எதுவும் தெரியாமல் இருந்தார்கள்.

ஒப்பந்தத்தை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கையெழுத்திட வேண்டும் என்பதுதான் கம்பனியின் தந்திரம். ஒருவரும் வைப்பதில்லை என்று பதினான்கு பேரும் வாக்குக் கொடுத்து விமானத்தை நிறுத்தினார்கள். சங்கத்தின் செயலாளர் காலிதீன். வாக்கை எழுதி வாசித்தவனும் அவன்தான்.

வேலைநிறுத்தத்தின் பதினெட்டாம் நாள், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தையல்கடைக்கு மேலே இருந்த சங்க அறையில், தலைவர் விஜேநாயக்க ஒரு தாளை அவன் முன்னால் போட்டார். கம்பனியின் ஒப்பந்தம். அடியில் தமிழில் ஒரு கையெழுத்து, பக்கத்தில் பள்ளிவாசல் முத்திரை.

"உங்கள் ஊர்த் தலைவர் மூலம் இரகசியமாகச் சம்மதித்துவிட்டீர்களாமே. மஜீட் எல்லோருக்கும் காட்டிவிட்டார்" என்றார் விஜேநாயக்க இங்கிலீசில்.

காலிதீன் கையெழுத்தைப் பார்த்தான். அது அவனுடைய மாமா, உம்மா காக்கா என்று கூப்பிடும் மூத்த அண்ணன், சீனிமுகம்மது மரைக்காருடையது. அறையில் பதின்மூன்று முகம். ஒன்றும் அவனை நேரே பார்க்கவில்லை. வியாழக்கிழமைக்குள் இது பொய் என்று எழுத்தில் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு நிந்தவூருக்கு பஸ் ஏறினான். பதினான்கு பேரின் பிழைப்பும் அவனுடைய மானமும் அந்த எழுத்தில் தொங்கின.

மரைக்கார் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. எங்கள் ஊர்களில் ஒவ்வொரு குடிக்கும், அதாவது குலத்துக்கும், ஒரு மரைக்கார்; பள்ளிவாசல் முத்திரையும் அவர் கையில். மாடு வயலில் இறங்கினாலும், புருஷன் பெண்சாதி பிரிந்தாலும், பிராது அவரிடம்தான் போகும். ஆள் முன்னால் நின்றாலும் நில்லாவிட்டாலும் அவர் சொன்னால் குடியே சொன்ன மாதிரி. மஜீட் இதை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார். கெட்டிக்காரர், நாசமாய்ப் போக!

காலிதீன் வந்து நின்றபோது மரைக்கார் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். முகம் நிறையச் சந்தோஷம்.

"வா மருமகன். உன்ட வேலைய மீட்டுத் தந்திரிக்கன். தண்டனையும் இல்ல, ஒண்டும் இல்ல. அந்த மனிசன் நல்ல தீன்தாரி, முன் வரிசையில நிண்டு தொழுதவர்."

"வாசிச்சிப் பாத்தீங்களா மாமா?"

"இங்கிலீசில இரிந்திச்சி. அவர் விளங்கப்படுத்தினார்."

"என்ட பேருக்கு நீங்க என்னத்துக்குக் கையெழுத்து வெச்ச?"

"வேறாரு வெக்கிற? இந்தக் குடிக்கு முப்பது வருஷமா நான்தானே வெக்கிறன்!"

காலிதீன் குரலை அடக்கிக்கொண்டு, அது தன் சம்மதமில்லாமல் வைத்தது என்று நாலு வரி எழுதித் தரும்படி கேட்டான். மரைக்காரின் முகம் கறுத்தது.

"மரைக்கார் சொன்ன சொல்லத் திருப்பி எடுத்தா நாளைக்கு எவன்டா என்னை மதிப்பான்?"

"நானும் பதின்மூணு பேருக்குச் சொல் குடுத்திரிக்கன் மாமா! அது சொல் இல்லையா? உங்கட சொல்தான் சொல்லா?" வளவு அதிரக் கத்தினான். மாமாவின் முன்னால் அவன் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த வளவிலிருந்து அவனுடைய உம்மா ஸைனம்பு, அரிசி புடைத்த சுளகோடு வந்துவிட்டாள். நடந்ததை இருவரிடமும் கேட்டாள். எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக வருவது. காலிதீன் அந்தக் குடிக்காரன் என்றால் அது அவள் வயிற்றில் பிறந்ததால்தான். மரைக்காருக்கு அவன்மேல் இருந்த உரிமையும் அவள் வழியாக வந்ததுதான். இத்தனை வருடத்தில் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் சொன்னாள்.

"காக்கா, என்ட மகனுக்கு வேலை போனா நான் சோறு போடுவன். அவன் குடுத்த சொல்ல நீங்க களவெடுத்தா, அதை எங்க போய் வாங்கிக் குடுக்கிற? குடி என்ட வயித்தால வந்த. உங்கட பேனையால இல்ல."

மரைக்கார் வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டார். எழுதித் தரவில்லை.

"அவர் தராட்டி நான் வந்து சொல்றன்" என்றாள் ஸைனம்பு. மட்டக்களப்புக்கு அப்பால் போயறியாதவள், கொழும்பு பஸ்ஸில் மகனுக்குப் பக்கத்தில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வழியெல்லாம் வாந்தி. ஒரு முறையாவது திரும்பிப் போவோம் என்று அவள் சொல்லவில்லை.

வியாழன் பகல் பத்து மணிக்கு, தையல்கடை மாடியில், சேட்டுக்கு மேல் கழுத்துப்பட்டி கட்டிய ஆண்கள் நடுவில் அவள் நின்றாள். குடி என்றால் என்ன, மரைக்கார் என்றால் யார், தன் மகனுக்குத் தெரியாமல் அது எப்படி நடந்தது என்று சுருக்கமாகச் சொன்னாள். காலிதீன் வரிக்கு வரி இங்கிலீசில் சொன்னான். முடிந்தபோது விஜேநாயக்க சேட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"பிந்திவிட்டீர்கள். நேற்றுப் பின்னேரம் ஒன்பது பேர் கையெழுத்து வைத்துவிட்டோம்."

"வைத்துவிட்டோம்?"

"நானும்தான். உங்கள் தாளைப் பார்த்த பிறகு வேறென்ன செய்வது?"

காலிதீன் அதை உம்மாவுக்குத் தமிழில் சொன்னான். அவள் அந்த ஒன்பது பேர் யார் யார் என்று விரலால் காட்டச் சொன்னாள். காட்டினான். படித்தவர்கள், பெரிய சம்பளக்காரர்கள், ஆளுக்கொரு பேனை சேட்டுப் பையில். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"மகன், இவங்களுக்கெல்லாம் ஆரு மரைக்கார்? இவங்கட பேருக்கு ஆரு கையெழுத்து வெச்ச?" என்று கேட்டாள்.

காலிதீன் ஒரு சொல்லும் விடாமல் அதை இங்கிலீசில் சொன்னான்.