நான் வரைந்த அரைச் சூரியன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, டெல்லியில் பனிமூட்டம் விலகவே மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு ஜனவரி மாதம். நான் கிராஃபிக் டிசைன் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தேன். அந்த வருடம் முழுக்க எங்களுக்கு ஒரே ஒரு ப்ராஜெக்ட்தான். அதை வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் வைத்து, அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அவருக்குத் திருப்தி என்றால் பட்டம். இல்லையென்றால் இன்னொரு வருடம் அதே கேன்டீன், அதே ஆறிப்போன சமோசா.

நான் எடுத்துக்கொண்டது மாத்திரைக் கவர். சின்ன கிளினிக்குகளில் மாத்திரைகளை ஒரு காகிதக் கவரில் போட்டு, மேலே பேனாவால் எதையோ கிறுக்கித் தருவார்கள் அல்லவா? படிக்கத் தெரியாதவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? எழுத்தே இல்லாமல், படத்தைப் பார்த்ததுமே எந்த மாத்திரையை எப்போது சாப்பிடுவது என்று புரிய வேண்டும். யோசனை நல்ல யோசனைதான். இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமை உண்டு.

காலைக்கு இரண்டு மலைகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கும் அரைச் சூரியன், மதியத்துக்கு முழுச் சூரியன், இரவுக்குப் பிறை நிலா. அந்த அரைச் சூரியன் இருக்கிறதே, அதன் மேல் எனக்கு ஒரு காதலே வந்துவிட்டது. ஆரஞ்சு நிறம் சரியாக அமைவதற்கு மட்டும் நாலு நாள் உட்கார்ந்தேன். வகுப்பில் எல்லோரும் ஆகா என்றார்கள். எங்கள் பேராசிரியை, சுலபத்தில் பாராட்டாதவர், அவரே அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு திருட்டுத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் எல்லோரும் ஒரு பெரிய நோட்டு வைத்திருப்போம். முதல் கிறுக்கல் தொடங்கி, யாரிடம் காட்டினோம், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதுவரை அதில் எழுத வேண்டும். நான் அதில், 'பன்னிரண்டு பேரிடம் காட்டினேன், அனைவருக்கும் உடனே புரிந்தது' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். பொய்யில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் கேன்டீனில் என்னோடு சமோசா தின்றவர்கள். மீதி ஒருவன் என் தம்பி.

தேர்வுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது பேராசிரியை அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "இவர்களுடைய போட்டோ எங்கே? அதையும் ஒட்டிவிடு" என்றார். கேன்டீன் கூட்டத்தின் போட்டோவை ஒட்ட முடியுமா? எல்லார் கழுத்திலும் கல்லூரி அடையாள அட்டை தொங்குமே!

எங்கள் வீடு டெல்லியின் துவாரகா பகுதியில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர், முப்பது வயதுதான் இருக்கும். அவரும், பக்கத்து பிளாக்குகளில் வேலை செய்யும் இன்னும் மூன்று தமிழ்ப் பெண்களும் மதியம் பார்க்கில் வெயில் காய உட்காருவார்கள். நாலு பேருக்கும் படிக்கத் தெரியாது. போய் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு வந்து, அந்தப் பன்னிரண்டில் நாலு பேர் இவர்கள் என்று ஒட்டிவிடலாம் என்று கிளம்பினேன். உண்மையாகவே அதற்கு மட்டும்தான் போனேன்.

போட்டோ என்றதும் அவர்களுக்கு ஒரே குஷி. ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டு, தலையை ஒதுக்கிக்கொண்டு, ஆளுக்கு ஒரு கவரைக் கையில் பிடித்துச் சிரித்தார்கள். பிரமாதமான படங்கள். வேலை முடிந்தது என்று நான் போனைப் பையில் போடும்போது அக்கா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாப்பா, இத்த சாயந்தரம் சாப்டணுமா?"

அவர் கையில் இருந்தது என் அரைச் சூரியன்.

"இல்லக்கா, காலையில. சூரியன் உதிக்குது பாருங்க."

"உதிக்குதா? எறங்கறாப்புல இல்ல இருக்குது!" என்றார் அக்கா. மற்ற மூன்று பேரும் எட்டிப் பார்த்து, ஆமாம், சாயந்தரம்தான் என்று ஒரே குரலில் சொன்னார்கள். இந்த இரண்டு முக்கோணமும் என்ன, கூடாரமா என்று ஒருவர் கேட்டார்.

நான் விடவில்லை. மலை, கிழக்கு, உதயம் என்று பத்து நிமிடம் வகுப்பெடுத்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நாங்க காலையில வூட்ட வுட்டுக் கெளம்பறப்போ கும்மிருட்டு. இந்தக் குளுருல சூரியனப் பாக்கறதே இப்பத்தான், மத்தியானம். அப்பறம் வேல முடிஞ்சி திரும்பறப்போ பாக்கறோம், அது எறங்கிக்கினு இருக்கும். அச்சா, நீ சொல்றது சரின்னே வெச்சிக்குவோம். டாக்டரு ஒவ்வொரு தபா கவரு குடுக்கறப்பவும் நீ கூடவே வந்து சொல்லுவியா?"

நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர்கள் மேல்தான் கோபம். லிஃப்டில் ஏறிய பிறகுதான் வேறொன்று உறைத்தது. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த நானும் இரண்டு மலைகளுக்கு நடுவே சூரியன் உதித்துப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் டிராயிங் நோட்டில் எல்லோரும் வரைவதை நானும் வரைந்திருக்கிறேன். பள்ளிக்கூடமே போகாதவர்களுக்காகப் போடும் படத்தில், பள்ளிக்கூடத்துக்குப் போனால் மட்டுமே தெரிகிற ஒன்றை வரைந்து வைத்திருக்கிறேன்! காலையில் சாப்பிட வேண்டிய மாத்திரையை ஒருவர் சாயங்காலம் விழுங்கினால் என்ன ஆகும் என்று நினைத்ததும் கோபம் போய் பயம் வந்தது.

அம்மாவுக்குத் திருநெல்வேலி. டெல்லிக்கு வந்து முப்பது வருடம் ஆகியும் பேச்சு மட்டும் அங்கேயே இருக்கிறது. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "ஏட்டி, போட்டோதான நல்லா வந்திருக்கு, பெறவு என்ன?" என்றாள். அதுதானே பிரச்சினையே! நாலு பெண்களும் கவரைப் பிடித்துக்கொண்டு பளிச்சென்று சிரிக்கிறார்கள். ஒட்டிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மாற்றினால் பத்து நாளில் புதிதாக வரைய வேண்டும், எல்லோரும் பாராட்டிய படத்தைத் தூக்கி எறிய வேண்டும், அந்தப் பன்னிரண்டு பேர் பக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒரு பகல் முழுக்க பசையை மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன்.

மறுநாள் அக்கா வேலைக்கு வந்தபோது சமையலறை வாசலில் நின்றுகொண்டு, உங்களுக்கு ஏதாவது மாத்திரை உண்டா என்று கேட்டேன். தைராய்டுக்கு ஒன்று, காலையில் வெறும் வயிற்றில் என்றார். எப்படி நினைவு வைத்துக்கொள்கிறீர்கள் என்றேன். பல் தேய்க்கிற பிரஷ் இருக்கும் டப்பாவிலேயே மாத்திரையையும் போட்டு வைத்திருக்கிறாராம். ராத்திரி மாத்திரை உள்ள பக்கத்து வீட்டுக்காரர் அதைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாராம். இதைச் சொல்லிவிட்டு, இது என்ன பெரிய விஷயம் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

சூரியனும் வேண்டாம், நிலாவும் வேண்டாம், அந்தந்த நேரத்தில் கையில் இருக்கும் பொருளை வரைந்தால் போதுமே! நான் ஓடிப்போய் பென்சிலை எடுத்தேன். அடுத்த எட்டு நாளும் மதியம் ஆனால் பார்க்தான். காலைக்கு முதலில் டீ கிளாஸ் வரைந்தேன். "மாத்திரைய டீயில போட்டுக் கலக்கணுமா?" என்றார்கள். அடித்துவிட்டு பல் பிரஷ் வரைந்தேன், தேறியது. மதியத்துக்கு ரொட்டித் தட்டு, அதுவும் தேறியது. இரவுக்கு ரஜாய், அதாவது பஞ்சு வைத்த குளிர்காலப் போர்வை, போர்த்திப் படுத்திருக்கும் ஒரு ஆள். அதைப் பார்த்ததும் ஒருவர் பதறிப்போய், "ஐயையோ, இவரு ரொம்ப சீரியஸா?" என்றார். கடைசியில் அக்காதான் வழி சொன்னார். "ஆளத் தூக்கிடு பாப்பா. தலகாணியும் ரஜாயும் போதும்."

கவருக்குள் மாத்திரைக்குப் பதில் கலர் மிட்டாய் போட்டுக் கொடுத்தேன். எதை எப்போது சாப்பிட்டோம் என்று மறுநாள் வந்து சொல்ல வேண்டும். முதல் முறை மூன்று கவரும் மொத்தமாகக் காலி, வீட்டுக் குழந்தைகளின் வேலை. இரண்டாவது முறை ஒருவர் மாற்றிச் சாப்பிட்டிருந்தார். மூன்றாவது முறை நாலு பேரும் சரியாகச் சொன்னபோது நான் பார்க்கில் குதித்த குதியில் வாட்ச்மேன் எழுந்து வந்துவிட்டார். அந்த எட்டு நாளில் நான் கற்றுக்கொண்ட பெரிய வித்தை, படத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பது. பேசிப் பழகிய எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

தேர்வு நாளும் வந்தது. என் மேஜையில் அரைச் சூரியனையும் வைத்தேன், பல் பிரஷையும் வைத்தேன். அந்தப் பன்னிரண்டு பேர் பக்கத்தைக் கிழித்துவிட முந்தின நாள் இரண்டு முறை கை போனது. கிழிக்கவில்லை. தேர்வாளர் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து சரியாக அதே பக்கத்தில் நின்றார். "பன்னிரண்டு பேருக்குப் புரிந்திருக்கிறது. பிறகு ஏன் மாற்றினீர்கள்?" என்றார். பேராசிரியை பக்கம் திரும்ப தைரியமில்லை.

"அதில் பதினொரு பேர் என் வகுப்பு, சார். ஒருவன் என் தம்பி" என்றேன்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "தம்பி என்ன படிக்கிறான்?" என்று கேட்டார். "அவனும் டிசைன்தான் சார்" என்றதும் சிரிக்க ஆரம்பித்தவர், மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் முகத்தைச் சரிசெய்துகொண்டு முக்கால் மணி நேரம் என்னைக் கேள்வி கேட்டுப் பிழிந்து எடுத்தார். அத்தனைக்கும் என்னிடம் பதில் இருந்தது. கூடாரம், டீ கிளாஸ், சீரியஸான ஆள், எதையும் மறைக்காமல் சொன்னேன்.

தேறிவிட்டேன். முதலிடம் எனக்கு என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், அது கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்துக்காகப் பேராசிரியை மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். குறைத்தது நியாயம்தான், நானாக இருந்தால் இன்னும் குறைத்திருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேலைகளையெல்லாம் பார்வைக்கு வைத்தார்கள். நாலு பேரையும் கூப்பிட்டிருந்தேன், வந்தார்கள், நல்ல புடவை கட்டிக்கொண்டு. நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டுத் திரும்பினால் என் மேஜையைச் சுற்றி ஒரே கூட்டம். நடுவில் அக்கா. அரைச் சூரியனைத் தட்டிக்காட்டி, எது தப்பு, ஏன் தப்பு என்று மாணவர்களின் அம்மா அப்பாவுக்கெல்லாம் இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தார். பேராசிரியை கையைக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கல்லூரிப் பையன் குறுக்கே ஏதோ கேட்க, "ஜல்தி என்ன, இரு, சொல்றேன்" என்று தமிழிலேயே அவனை அடக்கிவிட்டுத் தொடர்ந்தார். கடைசிவரை எனக்குப் பேச இடமே கிடைக்கவில்லை.

இப்போது நொய்டாவில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எதை வரைந்தாலும் முதல் வேலையாக, அதைப் பயன்படுத்தப் போகிறவர் யார் என்று தேடிப் போய், அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நிற்கிறேன். பல முறை மூக்குடைபடுகிறேன், சிரித்துக்கொண்டே திரும்பி வந்து மாற்றுகிறேன். அன்றைக்கு அந்த நாலு போட்டோவையும் ஒட்டியிருந்தால் முதலிடம் என்னுடையதாக இருந்திருக்கும், ஆனால் இன்றுவரை நான் என் தம்பிக்கு மட்டும் புரிகிற படங்களைத்தான் வரைந்துகொண்டிருப்பேன்.